எஸ்டிமேட் தொகை வேறு, ஊராட்சிக்கு ஆகும் செலவு வேறு: கிராம சபைக்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி இது: சுமார் 600 வீடு, 2,200 பேர் உள்ள ஓர் ஊராட்சி. அடுத்த கிராம சபையில் நான்கு வேலைகளுக்குத் தீர்மானம் வைக்கப் போகிறார்கள். 60,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியும் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பும். 180 தெருவிளக்குகளை சோலாருக்கு மாற்றுவது. மூன்று தெருவுக்கு பேவர் பிளாக். குப்பை அள்ள ஒரு பேட்டரி வண்டி. "எல்லாமே அரசாங்கப் பணம், ஊருக்கு ஒரு பைசா செலவில்லை" என்று சொல்லப்படுகிறது. உண்மையில் செலவு எவ்வளவு, அதை எப்படிக் கணக்குப் போடுவது?

"ஒரு பைசா செலவில்லை" என்பது கட்டி முடிக்கும் நாள் வரைக்கும்தான் சரி. திட்ட நிதி தொட்டியைக் கட்டிக் கொடுக்கும். மோட்டார் ஓடுகிற ஈ.பி. பில்லைக் கட்டாது. சோலார் விளக்கை நட்டுக் கொடுக்கும். ஆறாம் வருஷம் பேட்டரி வாங்கித் தராது. எஸ்டிமேட்டில் உள்ள பெரிய தொகையைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். ஊராட்சிக்கு விலை என்பது, அந்த வேலை முடிந்த பிறகு வருஷா வருஷம் பொது நிதியிலிருந்து போகிற பணம். அதைத்தான் யாரும் தீர்மானத்தில் எழுதுவதில்லை.

ஊராட்சியின் பணம் ஒரே பையில் இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம், முத்திரைத் தீர்வையில் வரும் பங்கு இவை பொது நிதி. ஈ.பி. பில்லுக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டவும் தனிக் கணக்கு. மாநில நிதிக்குழு மானியத்தில் ஒரு பகுதி அதற்கென்றே ஒதுக்கப்படுகிறது. திட்டங்களுக்கு வரும் பணம் இன்னொரு கணக்கு. மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியத்தில் 2021 முதல் 2026 வரைக்குமான விதி, 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும், இரண்டுக்கும் பாதிப் பாதி. மீதி 40 சதவீதம்தான் ஊர் விருப்பப்படி, அதிலும் சம்பளத்துக்குத் தொடக்கூடாது. அடுத்த நிதிக்குழுவின் பணம் என்றால் அதன் வழிகாட்டுதலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இதனால் என்ன என்றால், "பேவர் பிளாக்குக்குப் பதில் குடிநீர்க் குழாய் போடலாமே" என்பது சில சமயம் சரியான கேள்வி, சில சமயம் அர்த்தமில்லாத கேள்வி. சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பணத்தில் பேட்டரி வண்டி வாங்கலாம், தெருவிளக்கு வாங்க முடியாது. அப்படிக் கட்டுப்பாடு இல்லாத 40 சதவீதத்தில் 180 சோலார் விளக்கு என்றால், அந்தப் பணத்தில் வேறு எதையும் செய்திருக்கலாம். அங்கே பேரம் பேசுவதில் பொருள் இருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் "எந்தத் தலைப்பில்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வேலைக்கு இன்னும் பணமே இல்லை என்று பொருள்.

இனி கணக்கு. கீழே உள்ள ரூபாய் எண்கள் போட்டுக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. மின்சாரம் யூனிட் 8.50 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் ஊராட்சியின் ஈ.பி. அட்டையில் உள்ள விலையைப் போடுங்கள். முறை மாறாது.

தொட்டியில் ஆரம்பிப்போம், ஏனென்றால் வருடாந்தரச் செலவு அதிகம் பிடிப்பது அதுதான். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் தரும் மத்திய அரசுத் திட்டமான ஜல் ஜீவன் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். 2,200 பேருக்கு 1,21,000 லிட்டர். 60,000 லிட்டர் தொட்டியை நாளுக்கு இரண்டு முறை நிரப்பினால் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) தண்ணீர் 40 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, தொட்டியின் தாங்கு உயரம் 12 மீட்டர், தொட்டி 3 மீட்டர், குழாய் உராய்வுக்கு 5 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். இந்த உயரத்துக்கு 5 எச்.பி. சப்மர்சிபிள் மணிக்கு 12,500 லிட்டர் அளவில் தள்ளும். தொட்டி நிரம்ப ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் மணிக்கு 4.8 யூனிட், ஒரு தொட்டிக்கு 23 யூனிட். இரண்டு நிரப்பு 46 யூனிட், வருஷத்துக்கு 16,800 யூனிட், பில் 1,43,000 ரூபாய்.

இதை அப்படியே புதுத் தொட்டியின் செலவு என்று சொன்னால் தப்பு. ஊரில் இப்போது 30,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்து, அதை இரண்டு தடவை நிரப்பி, நாளைக்கு 60,000 லிட்டர் கொடுத்துக்கொண்டிருந்தால், இந்த பில்லில் பாதி இன்றைக்கே போய்க்கொண்டிருக்கிறது. கூடுதல் செலவு மட்டும்தான் புதுத் திட்டத்தின் கணக்கில் வரும்: மின்சாரம் 71,500. பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம், கூடுதல் 60,000 லிட்டருக்கு நாளைக்கு 240 கிராம், வருஷத்துக்கு 88 கிலோ. 3,500 ரூபாய் போடலாம். புதுக் குழாய் வரிசையில் வால்வு, கசிவு, உடைப்பு 20,000. மோட்டாரும் பம்பும் கேபிளும் ஏழு வருஷத்தில் மாற்ற ஒரு லட்சம் என்றால் வருஷத்துக்கு 14,000 ஒதுக்க வேண்டும். ஆபரேட்டர் பழையவரே. மொத்தம் 1,09,000.

இப்போது வரவைப் பாருங்கள். இப்போது 200 வீட்டுக்கு இணைப்பு இருக்கிறது, திட்டம் முடிந்தால் இன்னும் 400 வீடு. மாதம் 50 ரூபாய் என்றால் 400 வீட்டிலிருந்து வருஷத்துக்கு 2,40,000 கேட்பு, அதாவது வசூலிக்க வேண்டிய தொகை. கூடுதல் செலவைச் சமாளிக்க அதில் 45 சதவீதம் வசூலானால் போதும். ஆக, கேட்கும்போது பெரிய செலவாகத் தெரிகிற இந்த வேலைதான் நான்கில் தன் காலில் நிற்கக்கூடியது.

"கூடியது" என்றுதான் சொல்கிறேன். நீர்மட்டம் 40 மீட்டரிலிருந்து 70க்கு இறங்கி வருஷம் முழுக்க அங்கேயே நின்றால் உயரம் 90 மீட்டர் ஆகிறது. அதே தண்ணீரை ஏற்ற ஒன்றரை மடங்கு மின்சாரம். ஆண்டு பில் 1,43,000 இல்லை, 2,14,000. இன்றைய செலவைவிடக் கூடுதல் 1,80,000. இப்போது வசூல் 75 சதவீதம் வந்தாக வேண்டும். குழாயில் 30 சதவீதம் கசிந்தால் வீட்டுக்கு அதே 55 லிட்டர் போய்ச் சேர 43 சதவீதம் அதிகமாக ஏற்ற வேண்டும். கணக்கு அங்கேயே விழுந்துவிடும். அதனால் தொட்டி விஷயத்தில் கேட்க வேண்டியது தொட்டியின் விலையை அல்ல, போரின் ஊற்றை, அதாவது அது விடாமல் எவ்வளவு தண்ணீர் தரும் என்பதை. ஊற்றுச் சோதனை எந்த மாதம் நடந்தது? டிசம்பரில் எடுத்த சோதனையைக் காட்டி மே மாதத்துத் தண்ணீரை உறுதி சொல்ல முடியாது. ஏப்ரல், மே மாதத்தில், பக்கத்துத் தோட்டத்து போர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்ததா? பல ஊர்களில் நிறம் மங்காத தொட்டி காலியாக நிற்பதற்குக் காரணம் கட்டுமானக் குறை இல்லை. தொட்டிக்கு எஸ்டிமேட் போட்டவர்கள் தண்ணீருக்குப் போடவில்லை.

வசூல் எண்ணையும் வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். ஊராட்சிச் செயலரிடம் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியல் இருக்கும். குடிநீர்க் கட்டணத்துக்கு மூன்று வருஷப் பட்டியல் கேளுங்கள். நடப்புக் கேட்பில் எவ்வளவு வந்தது என்பதைத் தனியாகவும், பழைய நிலுவையில் எவ்வளவு வந்தது என்பதைத் தனியாகவும் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், பழைய பாக்கி வசூலான வருஷத்தில் 90 சதவீதம் வசூல் மாதிரித் தெரியும்.

ஜல் ஜீவன் வழியில் வந்தால் ஊருக்குள் நடக்கும் வேலையின் மூலதனத்தில் 10 சதவீதம் மக்கள் பங்கு என்று ஒரு விதி உண்டு. மலைப்பகுதிக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊருக்கும் 5 சதவீதம். அந்தப் பங்கை யார், எந்த வழியில் கட்டுகிறார்கள் என்று தீர்மானத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கடைசியில் பொது நிதியில் வந்து விடியும், அல்லது இணைப்புக் கட்டணம் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு வரும்.

அடுத்தது சோலார் விளக்கு. இலவசம் மாதிரி ஒலிப்பதும், கணக்கில் மோசமாக வருவதும் இதுதான்.

இப்போது கம்பத்தில் இருப்பது 40 வாட் பழைய டியூப்லைட் என்று வைத்துக்கொள்வோம். சோக் இழுப்பதையும் சேர்த்து 52 வாட். நாளுக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 4,380 மணி. ஒரு விளக்குக்கு 228 யூனிட், 1,936 ரூபாய். அதே கம்பத்தில் 20 வாட் எல்.இ.டி. போட்டால் 88 யூனிட், 745 ரூபாய். மிச்சம் ஒரு விளக்குக்கு 1,190 ரூபாய், 180 விளக்குக்கு 2,14,000. பொருத்தும் செலவோடு ஒன்று 3,000 என்றால் 5,40,000. இரண்டரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும்.

சோலார் முன்மொழிவில் வழக்கமாகக் காட்டும் கணக்கு, 52 வாட் டியூப்லைட்டுக்கும் சோலாருக்கும் உள்ள வித்தியாசம். "வருஷத்துக்கு மூன்றரை லட்சம் பில் மிச்சம்" என்பார்கள். அந்த மூன்றரை லட்சத்தில் 2,14,000 எல்.இ.டி. போட்டாலே கிடைத்துவிடும். சோலார் தனியாகக் கொண்டுவருவது மிச்சமிருக்கும் 1,34,000 மட்டும். அதற்காகக் கூடுதலாகப் போடுவது? கம்பம், பேனல், பேட்டரியோடு ஒன்று 18,000 என்றால் 180க்கு 32,40,000. எல்.இ.டி.யைவிட 27 லட்சம் அதிகம். இருபது வருஷம் ஆகும் திரும்பி வர. அதுவும் பேட்டரியை மறந்துவிட்டால். ஒரு பேட்டரி 4,500, ஆறு வருஷம் தாங்கும் என்று தாராளமாக வைத்தாலும் 180 விளக்குக்கு ஆண்டுக்கு 1,35,000 ஒதுக்க வேண்டும். மிச்சமாகும் ஈ.பி. பில் 1,34,000. முடிந்தது கதை: 27 லட்சம் போட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. நடைமுறையில் ஊராட்சிகள் அந்த 1,35,000ஐ ஒதுக்குவதும் இல்லை. அதனால்தான் பேனல் மேலே இருக்க, விளக்கு எரியாத கம்பங்கள் வழியெல்லாம் நிற்கின்றன.

வேறு தொல்லைகளும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வானம் நாலு நாள் மூடினால் பேட்டரி நிரம்பாது. விளக்கு அதிகம் தேவைப்படுகிற இரவும் அதுதான். வேப்ப மர நிழல் பேனலில் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி அந்த மூலையளவு மட்டும் குறைவதில்லை, அதைவிட அதிகமாகச் சரியும். பேனலைத் துடைக்க ஏணியும் ஆளும் வேண்டும்.

சோலாரே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசி ஈ.பி. கம்பத்திலிருந்து சுடுகாட்டுக்கு 400 மீட்டர் பாதை. கம்பி இழுக்க 40 மீட்டருக்கு ஒன்றாகப் பத்துக் கம்பம் நட வேண்டும். அங்கே எட்டு சோலார் விளக்கு நிச்சயம் மலிவு. ஆகவே தீர்மானத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: கம்பம் உள்ள இடத்தில் எல்.இ.டி., இல்லாத இடத்தில் சோலார். உங்கள் ஊரில் ஏற்கனவே எல்.இ.டி. தான் எரிகிறது என்றால், 180 சோலாருக்குச் சொல்ல ஒரு நியாயமும் இல்லை.

எல்.இ.டி.யிலும் மிச்சம் காகிதத்தோடு நிற்கும் வாய்ப்பு உண்டு. மீட்டர் ஓடாமல் சராசரி பில் போட்டுக்கொண்டிருந்தால் விளக்கு மாறியும் பில் குறையாது; மாற்றிய கையோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மீட்டரைச் சரிசெய்ய வேண்டும். விளக்கைக் காலையில் அணைக்க மறந்து தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாக எரிந்தால், 180 விளக்குக்கு வருஷம் 2,600 யூனிட், 22,000 ரூபாய். ஒரு நேரக்கருவி அதைவிட மலிவு. இடி மின்னல், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் முதலில் போவது எல்.இ.டி. சில்லு அல்ல, அதற்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் டிரைவர் என்ற பாகம். மின்னெழுச்சித் தடுப்பு உள்ளதா, ஐந்து வருஷ உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா, பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள் என்பதை டெண்டர் நிபந்தனையில் கேளுங்கள். மலிவான விளக்கு விலையில் 800 ரூபாய் மிச்சம் பிடித்து, இரண்டாம் மழையில் முழுவதும் இழப்பதுதான் வழக்கமான தவறு.

பேவர் பிளாக்கின் கணக்கு வேறு வகை. போட்டபின் ஆண்டுச் செலவு பெரிதாக இல்லை. இங்கே செலவு ஒளிந்திருப்பது தரத்திலும் வரிசையிலும்.

100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத் தெரு 300 சதுர மீட்டர். 200க்கு 100 மில்லிமீட்டர் செவ்வகக் கல் என்றால் சதுர மீட்டருக்கு 50, மொத்தம் 15,000 கல். ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலைப்படி நடைபாதைக்கு 50 மில்லிமீட்டர் கனம், இலகு வண்டிப் போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் எம்35 வலிமை (எண் கூடினால் கான்கிரீட் வலிமை கூடும்), நடுத்தரப் போக்குவரத்துக்கு 80 மில்லிமீட்டர் எம்40. டிராக்டரும் செங்கல் லாரியும் வரும் தெருவுக்கு 60 போட்டால் சக்கரத் தடத்தில் இரண்டு வருஷத்தில் குழி விழும். 60 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்குச் சுமார் 135 கிலோ. 300 சதுர மீட்டருக்கு 40 டன். 80 என்றால் 54 டன். எத்தனை லோடு இறங்கியது என்று எண்ணினாலே எந்தக் கல் வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் இன்னும் சுலபம்.

கல் நன்றாக இருந்தும் பேவர் கெடுவது பெரும்பாலும் ஓரத்தில்தான். இரண்டு பக்கமும் கான்கிரீட் கரைக்கட்டு இல்லாவிட்டால் கற்கள் மெல்ல வெளியே நகரும், இடைவெளி விரியும், மணல் கீழே போகும், தெரு அலையடிக்கும். எஸ்டிமேட்டில் "கரைக்கட்டு" வரியும் "அடித்தளம் இறுக்குதல்" வரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொகைக்குள் அடக்க வேண்டுமென்று குறைக்கும்போது முதலில் காணாமல் போவது இந்த இரண்டும்தான்.

பழைய தெருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடுக்குவது இன்னொன்று. தெரு 15 சென்டிமீட்டர் உயர்ந்தால், தாழ்வான வீடுகளின் வாசலுக்குள் மழைத்தண்ணீர் வரும். இருபது வீட்டார் படியையும் தளத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். அந்தச் செலவு ஊராட்சிக் கணக்கில் எங்கும் வராது, ஆனால் இந்தத் திட்டத்தின் செலவுதான் அது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது. எஸ்டிமேட்டில் முடிவு மட்டத்தை, தெருவிலேயே தாழ்ந்த வாசற்படியோடு ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.

வரிசை இன்னும் முக்கியம். அதே கிராம சபையில் வீட்டுக் குழாய்த் தீர்மானமும் இருக்கிறதே! பேவரை முதலில் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துக் குழாய்க்குத் தோண்டினால் இரண்டு முறை செலவு. பேவராவது கழற்றித் திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட் சாலை என்றால் 45 சென்டிமீட்டர் அகலத்துக்கு 100 மீட்டர் உடைத்துத் திரும்பப் போட வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, குழாய் இன்னும் வராத தெருவில் சாலை போட்டே ஆக வேண்டுமென்றால் பேவர், வந்து முடிந்த தெருவில் கான்கிரீட் என்று நான் சொல்வேன். வேறு காரணம் காட்டி ஒன்றை ஒன்றுக்கு மேல் தூக்குபவர்களை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

கான்கிரீட் என்று முடிவானால் கணக்கு இப்படி: 300 சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் கனம், 45 கன மீட்டர். எம்20, 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்குக் கன மீட்டருக்கு 8 மூட்டை சிமெண்ட்; 360 மூட்டை. ஜல்லி 38 கன மீட்டர், நம் கணக்கில் 13½ யூனிட் (இங்கே ஒரு யூனிட் 100 கன அடி). எம்-சாண்ட் 19 கன மீட்டர், ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்த மூன்று எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தெருவிலிருக்கும் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். 300 மூட்டைகூட இறங்காத இடத்தில் 360 மூட்டைக்கு பில் போட்டால், எம்-புக்கில் (பொறியாளரின் அளவுப் பதிவேட்டில்) அளவு பதியும் முன்பே கேள்வி கேட்கலாம். பதிந்த பிறகு கேட்பது வம்பு வழக்கு மாதிரி ஆகிவிடும்.

எஸ்டிமேட்டை எப்படிப் படிப்பது என்பதற்கும் சில வார்த்தை. "பத்து லட்சம் வேலை" என்றால் தெருவில் பத்து லட்சம் விழாது. 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1 சதவீதம் தொழிலாளர் நல நிதி சேர்ந்தே பத்து லட்சம். வேலைக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம். தரச்சோதனை, பெயர்ப்பலகை, எதிர்பாராச் செலவு என்று இன்னும் கொஞ்சம் போகும். அதனால் ஒப்பிடும்போது இரண்டு ஊரின் மொத்தத் தொகையை ஒப்பிடாதீர்கள். சதுர மீட்டருக்கு, வரிக்கு முந்திய விலையை ஒப்பிடுங்கள். எந்த ஆண்டின் விலைப்பட்டியலில் போட்டது என்பதையும் பாருங்கள். சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28லிருந்து 18 சதவீதமானது. அதற்கு முந்திய எஸ்டிமேட்டைத் தூசி தட்டி எடுத்திருந்தால் திருத்தச் சொல்லலாம். தலைகீழாக, மூன்று வருஷம் பழைய விலையில் போட்டிருந்தால் டெண்டரில் யாரும் வரமாட்டார்கள், அல்லது வந்தவர் வேலையில் ஈடுகட்டுவார். மதிப்பீட்டைவிட 20 சதவீதம் குறைத்து எடுத்த ஒப்பந்தத்தைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட வேண்டியதில்லை. அந்த 20 சதவீதம் எந்த வரியிலிருந்து வரப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

பேட்டரி வண்டியைச் சுருக்கமாக முடிக்கிறேன். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் முழுச் சார்ஜுக்கு 6 யூனிட். வருஷத்தில் 300 நாளுக்கு 15,300 ரூபாய். பேட்டரி மாற்றம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 45,000 என்றால் ஆண்டுக்கு 15,000. டயர், பிரேக், சில்லறைப் பழுது 8,000. ஆண்டுக்கு 38,000 ரூபாய், ஓட்டுபவர் சம்பளம் இல்லாமல். பெரிய தொகை இல்லை. ஆனால் வண்டி கெடுவது ஓடி அல்ல, நின்று. ஈய-அமிலப் பேட்டரியைச் சார்ஜ் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் நிறுத்தினால் அதோடு சரி. சார்ஜ் போட பிளக் பாயிண்ட் எங்கே, இரவில் எங்கே நிறுத்துவது, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிப் பிரிக்க இடம் இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்கலாம். பிரிக்கும் இடம் இல்லாத ஊரில் வண்டி செய்வதெல்லாம், தெருக் குப்பையை ஏரிக்கரைக்கு வேகமாகக் கொண்டுபோவதுதான்.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால்: தொட்டிக்கு ஆண்டுக்கு 1,09,000 முதல் 1,80,000 வரை செலவு, எதிரே வசூலாகக்கூடிய வரவு உண்டு. சோலாருக்கு 1,35,000 செலவு, எல்.இ.டி.யோடு ஒப்பிட்டால் எதிரே கிட்டத்தட்ட அதே அளவு மிச்சம், ஆனால் 27 லட்சம் உறைந்துபோகிறது. வண்டிக்கு 38,000, எதிரே வரவு இல்லை. பேவருக்குச் சரியாகப் போட்டால் சொற்பம். இந்தத் தொகைகளை ஊராட்சியின் சொந்த வருமானத்தோடு வைத்துப் பாருங்கள். 600 வீட்டுக்கு சராசரி 150 ரூபாய் வீட்டு வரி என்றால் முழுதும் வசூலானால்கூட 90,000தான். அந்த வருமானம் ஏற்கனவே எங்கெங்கே போகிறது என்று தெரிந்தால், புதிதாக ஏற்க முடிந்தது எவ்வளவு என்பது பட்டென்று தெரியும். என் வரிசை கேட்டால்: ஊற்றுச் சோதனை சரியாக இருந்தால் தொட்டியும் குழாயும் முதலில், கூடவே எல்.இ.டி.; குழாய் முடிந்த தெருக்களுக்கு மட்டும் சாலை; இடம் தயாரானபின் வண்டி; சோலார் சுடுகாட்டுப் பாதைக்கு.

பேரூராட்சி, நகராட்சியில் இருப்பவர்களுக்கு ஒன்று மட்டும் கூடுதல். அங்கே பாதாளச் சாக்கடை, பேருந்து நிலையம் போன்றவற்றில் மானியத்தோடு கடனும் கலந்து வரும். ஒரு கோடிக் கடன், 8 சதவீத வட்டி, 15 வருஷம் என்றால் ஆண்டுத் தவணை 11,68,000 ரூபாய். பராமரிப்புக்கு முன்னாலேயே இதைக் கழிக்க வேண்டும்.

விவரங்களை எங்கே எடுப்பது? ஊராட்சி வளர்ச்சித் திட்டமும் நிதிக்குழு மானியச் செலவுச் சீட்டுகளும் இகிராம்ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம். எஸ்டிமேட்டின் விரிவான பக்கங்கள் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர், உதவிப் பொறியாளர் கையில் இருக்கும். நேரில் கேட்டுத் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள். அதனால் கிராம சபைக்கு முந்திய வாரம் விழித்துக்கொண்டால் பயனில்லை. வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கான பேச்சு சூடுபிடிப்பது அக்டோபர் 2இல். ஆகவே ஆகஸ்ட் கூட்டத்திலேயே எஸ்டிமேட் நகல் கேட்டு மனு கொடுத்துவிடுங்கள்.

குறைவெண் வரம்பையும் கவனியுங்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வர வேண்டும். பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியபின் படிக்கப்படும் தீர்மானத்தில்தான் இந்த மாதிரி விஷயங்கள் நழுவிப்போகும்.

எதிர்ப்பு என்று எழுந்து நிற்பதைவிட, தீர்மானத்தின் வாசகத்தில் நாலு வரி சேர்க்கச் சொல்வது அதிகம் பலிக்கும். தலைவரானாலும் தனி அலுவலரானாலும் இதை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். தொட்டிக்கு இப்படி: "கோடை மாத ஊற்றுச் சோதனை அறிக்கை பெற்ற பின்னரே பணி ஆணை வழங்கப்படும். பணி முடிந்தபின் ஏற்படும் ஆண்டு இயக்கச் செலவு ரூ. ____, இது ____ கணக்கிலிருந்து ஏற்கப்படும். மாதக் குடிநீர்க் கட்டணம் ரூ. ____ என நிர்ணயிக்கப்படுகிறது. மோட்டார் மாற்று நிதியாக ஆண்டுக்கு ரூ. ____ தனியே ஒதுக்கப்படும்." கோடிட்ட இடங்களை நிரப்பாமல் கையெழுத்துக்கு வந்தால், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.